கான்கிரீட் பிளாக் கட்டு: கல், சிமெண்ட், மணல் எவ்வளவு ஆகும்? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. டீக்கடையிலும் போனிலும் திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்கள் பேசின மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். விலை எதுவும் எழுதவில்லை. மாதத்துக்கு மாதம் மாறுகிற ஒன்றை எழுதி வைத்து பிரயோஜனம் இல்லை. அளவு மட்டும் தெரிந்தால், விலையை நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

இங்கே மூட்டை என்றால் 50 கிலோ, அதாவது ஒன்றேகால் கன அடி சிமெண்ட். ஸ்கொயர் என்றால் 100 சதுர அடி. யூனிட் என்றால் 100 கன அடி.

1. அண்ணே, ஹாலோ பிளாக்கு, சாலிட் பிளாக்குன்னு சொல்றாங்களே, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? என்ன சைஸ்ல வரும்?

சாலிட் பிளாக் உள்ளே முழுக்க கான்கிரீட். ஹாலோ பிளாக்கில் நடுவே இரண்டு பெரிய ஓட்டைகள் இருக்கும். இரண்டுக்குமே நீளம் 16 இன்ச், உயரம் 8 இன்ச். தடிமன்தான் 4, 6, 8 இன்ச் என்று மாறும். பேச்சில் "எட்டிஞ்சு கல்லு" என்றால் 8 இன்ச் தடிமன் உள்ள கல்.

எடையில்தான் பெரிய வித்தியாசம். எட்டிஞ்சு சாலிட் கல் ஒன்று ஏறக்குறைய 35 கிலோ வரும். அதே அளவு ஹாலோ 20 கிலோவை ஒட்டி இருக்கும். லாரி வீட்டு வாசல் வரை வருமானால் இது பெரிய விஷயமில்லை. ரோட்டில் இறக்கி, ஆள் மட்டும் நடக்கிற வழியில் தோப்பைத் தாண்டிச் சுமக்க வேண்டிய மனைகள் நம்ம மாவட்டத்தில் நிறைய. அங்கே கல் விலையைக் கேட்பதற்கு முன்னால் சுமைக்கூலியைக் கேளுங்கள்.

2. நூறு சதுர அடி சுவருக்கு எத்தனை கல்லு வேணும்? ஒருத்தர் 113ங்கறார், ஒருத்தர் 105ங்கறார்.

இரண்டு பேர் சொல்வதும் சரி. அவர்கள் பார்க்கிற கல்தான் வேறு. 16-க்கு 8 என்றால் கல்லின் முகம் 128 சதுர இன்ச். ஒரு ஸ்கொயரில் 14,400 சதுர இன்ச் இருக்கிறது. வகுத்தால் 112.5, அதாவது 113. இந்திய தர நிர்ணயமான ஐ.எஸ். 2185-இல் 400-க்கு 200 மி.மீ. என்று சொல்வது சாந்தையும் சேர்த்த அளவு. கல் மட்டும் 390-க்கு 190 மி.மீ. இருக்கும், மிச்சம் 10 மி.மீ. சாந்து. அப்படிப்பட்ட கல் வாங்கினால் 113 சரி.

உள்ளூர் பிளாக் கம்பெனிகள் பலவற்றில் அச்சே முழு 16-க்கு 8 இன்ச். அதற்கு மேல் 10 மி.மீ. சாந்து வைத்தால் ஒரு கல் 16.4-க்கு 8.4 இன்ச் இடத்தை அடைத்துக்கொள்ளும். அப்போது ஸ்கொயருக்கு 105 கல் போதும். ஆகவே ஆர்டர் கொடுக்கும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு போய் பத்து கல்லை அளந்து பாருங்கள். எண்ணிக்கையோடு முடிகிற விஷயமில்லை இது, வரி (ஒரு அடுக்கு கல்) உயரமும் மாறும். முழு அளவு கல்லில் பத்து வரி கட்டினால் சரியாக 84 இன்ச், அதாவது 7 அடி, லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேலே போடுகிற கான்கிரீட்) மட்டம். சின்ன அளவு கல்லில் அதே பத்து வரி 6 அடி 8 இன்ச்சில் நின்றுவிடும். "பத்து வரி வந்தா லிண்டல்" என்று கணக்கு வைத்திருக்கிற கொத்தனாரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

4, 6, 8 எந்தத் தடிமனாக இருந்தாலும் முகம் ஒன்றுதான். எண்ணிக்கையும் ஒன்றுதான்.

3. செங்கல்ல கட்டறத விட இது லாபமா?

ஒரு ஸ்கொயர் 9 இன்ச் செங்கல் சுவருக்கு ஆயிரத்துக்கு மேல் செங்கல் வேண்டும், சிமெண்ட் இரண்டரை மூட்டை வரை இழுக்கும். அதே ஸ்கொயர் எட்டிஞ்சு பிளாக்கில் 113 கல், ஒரு மூட்டை சிமெண்ட். வேலையும் வேகமாக ஓடும். கல்லின் முகம் சமமாக இருப்பதால் பூச்சுத் தடிமனும் குறையும்.

ஆனால் வெயில் சூட்டைப் பொறுத்தவரை சாலிட் பிளாக் சுவர் செங்கல்லுக்கு மேலானது இல்லை. ஹாலோவில் உள்ளே காற்று இருப்பதால் கொஞ்சம் பரவாயில்லை. மேற்கு வெயில் நேராக விழும் சுவருக்கு மட்டும் ஹாலோ போட்டு, மற்றதற்கு சாலிட் என்று கலந்து கட்டலாமா என்று கேட்பார்கள். ஒரே கம்பெனி கல், ஒரே அளவு என்றால் கலக்கலாம். மூலையில் இரண்டும் மாற்றி மாற்றிப் பிணைய வேண்டும் என்பதால் வரி உயரம் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும்.

4. கல்லு நல்லதான்னு வாங்கற இடத்துலயே எப்படி கண்டுபிடிக்கறது?

முதலில் விளிம்பைப் பாருங்கள். பெருவிரல் நகத்தால் மூலையைச் சுரண்டினால் பொடியாக உதிர்கிற கல் வேண்டாம். இரண்டு கல்லை லேசாகத் தட்டினால் 'கிண்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்று கேட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது, இல்லையென்றால் சிமெண்ட் குறைவு. ஒரு கல்லை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உடைந்த முகத்தில் சிப்ஸ் ஜல்லி ஒரே சீராகத் தெரிய வேண்டும். வெறும் பாறைப்பொடி மட்டும் சாம்பலாகத் தெரிந்தால் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுங்கள். அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்தாலும் மூலை கரையக் கூடாது.

அதைவிட முக்கியம் வயது. அடித்த கல்லைக் குறைந்தது 14 நாள் தண்ணீர் விட்டு, அப்புறம் நாலு வாரம் நிழலில் காய விட வேண்டும் என்பது முறை. சீசன் நேரத்தில் அடித்து ஒரு வாரம்கூட ஆகாத கல்லை லாரியில் ஏற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பச்சைக் கல் சுவரில் ஏறின பிறகு சுருங்கும். அதன் விளைவு 11-வது கேள்வியில் வருகிறது. முடிந்தால் அஸ்திவாரம் தோண்டுகிற அன்றே கல்லுக்கு அட்வான்ஸ் கொடுத்து, அடித்த தேதியை அடுக்கின் மேல் சாக்பீஸால் எழுதச் சொல்லிவிடுங்கள். அஸ்திவார வேலை முடிவதற்குள் உங்கள் கல்லும் காய்ந்திருக்கும்.

பெரிய வீடு, மாடி எண்ணம் இருக்கிறது என்றால் கண்பார்வை போதாது. சில கல்லை அழுத்தச் சோதனைக்குக் கொடுங்கள். சாலிட் கல்லுக்கு ஒரு சதுர மி.மீ.க்கு 4 அல்லது 5 நியூட்டன், சுமை தாங்கும் ஹாலோ கல்லுக்குக் குறைந்தது மூன்றரை என்பது தர நிர்ணயத்தின் அடிப்படை எதிர்பார்ப்பு.

5. ஒரு ஸ்கொயர் கட்டறதுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட், எவ்வளவு மணல்?

கட்டு வேலைக்குக் கலவை 1-க்கு 6, அதாவது ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல். எட்டிஞ்சு சுவர் என்றால் சேதாரம் சேர்த்து ஸ்கொயருக்கு ஒரு மூட்டை, மணல் 7 கன அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறிஞ்சு சுவருக்கு அதில் முக்கால், நாலிஞ்சு சுவருக்கு அதில் பாதி. ஹாலோவுக்கு இன்னும் குறையும் என்று ஏட்டில் இருக்கும். வேலை நடக்கும் இடத்தில் பாதிச் சாந்து ஓட்டைக்குள் விழுந்துவிடுவதால் நான் குறைப்பதில்லை.

பூச்சுக்கு 1-க்கு 5. உள்பக்கம் 12 மி.மீ. பூசினால் ஸ்கொயருக்கு ஒரு மூட்டைக்குச் சற்றுக் குறைவு. வெளிப்பக்கம் 15 மி.மீ. என்றால் ஒரு மூட்டைக்குச் சற்று மேல். பல பேருக்கு ஆச்சரியமாக இருப்பது இதுதான்: சுவரைக் கட்ட ஒரு மூட்டை, அதன் இரண்டு பக்கமும் பூச இரண்டு மூட்டை.

6. எங்க வீடு 600 சதுர அடி. மொத்தமா எவ்வளவு கல்லு, எத்தனை மூட்டைன்னு ஒரே வார்த்தைல சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொல்கிறவரை நம்பாதீர்கள். 600 சதுர அடி என்பது தரை. நீங்கள் கல் வாங்குவது சுவருக்கு. 30-க்கு 20 என்று வைத்தால் வெளிச்சுற்று 100 அடி. மூணு செண்ட் மனை ஒடுங்கலாக இருக்கிறதே என்று 40-க்கு 15 வைத்தால் அதே 600-க்கு வெளிச்சுற்று 110 அடி. ஒரு மூலையை உள்ளே தள்ளி சிட்அவுட் எடுத்தால் கணக்கே வேறு. சதுர அடிக்கு இத்தனை கல், இத்தனை மூட்டை என்கிற சூத்திரம் பேரம் பேசத்தான் உதவும், பொருள் வாங்க உதவாது.

சரி, 30-க்கு 20 வீட்டையே போட்டுப் பார்ப்போம். வெளிச்சுவர் எட்டிஞ்சு, உள்சுவர் ஆறிஞ்சு, பிளிந்த் பெல்ட்டிலிருந்து (அஸ்திவாரத்துக்கு மேலே ஓடுகிற கான்கிரீட் பட்டை) கூரை வரை 10 அடி. வெளிச்சுற்று 100 அடி என்றாலும் மூலைகளை இரண்டு தடவை எண்ணக் கூடாது. சுவரின் நடுக்கோட்டை அளந்தால் 97 அடி சொச்சம் வரும். 10 அடியில் 6 இன்ச் லிண்டல் பெல்ட் போனால் கல் கட்டு ஒன்பதரை அடி. பெருக்கினால் 925 சதுர அடி. முன்வாசல் மூன்றரைக்கு 7, பின்வாசல் 3-க்கு 7, நாலுக்கு நாலு ஜன்னல் ஐந்து, பாத்ரூம் வென்டிலேட்டர் ஒன்று என்று கழித்தால் 130 போகும். மிச்சம் 795 சதுர அடி. அதற்கு 113 கணக்கில் 895 கல், உடைசல் நூற்றுக்கு 5 சேர்த்து 940. முழு அளவு கல் என்றால் 105 கணக்கில் 880 போதும்.

உள்சுவர் மொத்தம் 36 அடி நீளம் என்று வைப்போம். ஒன்பதரையால் பெருக்கி, மூன்று கதவுகளுக்கு 63 கழித்தால் 279 சதுர அடி. உடைசலோடு ஆறிஞ்சு கல் 330. இரண்டு சுவருக்கும் சேர்த்துக் கட்டு வேலைக்கு 10 மூட்டை சிமெண்ட், முக்கால் யூனிட் மணல்.

லிண்டல் பெல்ட்டைச் சுவர் முழுக்க ஓட்டினால் 41 கன அடி கான்கிரீட். 1-க்கு ஒன்றரைக்கு 3 கலவையில் 35 கன அடிக்கு 8 மூட்டை, 15 கன அடி மணல், 30 கன அடி ஜல்லி ஆகும். அந்தக் கணக்கில் பெல்ட்டுக்கு ஒன்பதரை மூட்டை. கம்பிக்கு ஒரு சுருக்கு வழி உண்டு: கம்பியின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை. 10 எம்.எம். கம்பி மீட்டருக்கு 617 கிராம். நாலு கம்பி ஓட்டினால் ஒட்டும் வளைவும் சேர்த்து 110 கிலோ, ரிங் தனி.

பூச்சுப் பரப்பு எல்லாப் பக்கமும் கூட்டினால் 23 ஸ்கொயர் வரும். சிமெண்ட் 21 மூட்டை, பூச்சு மணல் 130 கன அடி. இதில் கூரை, அஸ்திவாரம், தரை எதுவும் இல்லை. இது சுவர் மட்டும்.

7. ஜன்னல் கதவைக் கழிக்க வேண்டாம், அது சேதாரத்துக்குச் சரியாப் போகும்னு மேஸ்திரி சொல்றாரே?

மேலே உள்ள வீட்டில் கழித்த பகுதி மட்டும் ஏறக்குறைய 200 கல். அவ்வளவு கல் உடைந்தால் அது சேதாரம் இல்லை, கல்லே சரியில்லை. கூலிக்கணக்கில் கதவு ஜன்னலைக் கழிக்காமல் அளப்பது பல இடங்களில் பழக்கம். மூலை பிடித்துக் கட்டுவதற்கு நேரம் ஆகும், அது நியாயம்தான். கூலிக்கு ஒரு அளவு, பொருளுக்கு ஒரு அளவு என்று இரண்டு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

சேதாரத்தைக் குறைக்க வழி பிளானில் இருக்கிறது. திறப்புகளின் அகலத்தை 8 இன்ச்சின் மடங்காக வையுங்கள். 4 அடி ஜன்னல் மூன்று முழுக்கல் அகலம், வெட்டவே வேண்டாம். 3 அடி வைத்தால் ஒவ்வொரு வரியிலும் கல்லை வெட்ட வேண்டும். எட்டிஞ்சு சுவரின் மூலையில் கல் தானாகவே பாதிக்குப் பாதி பிணையும், ஏனென்றால் 16-இல் பாதி 8. ஆறிஞ்சு சுவர் மூலையில் அந்த வசதி இல்லை. அதனால் ஆறிஞ்சுக்குச் சேதாரம் 7 சதவீதம் போட்டாலும் தப்பில்லை.

இன்னொன்று, முழு அளவு கல் என்றால் லிண்டலுக்கு மேல் இரண்டரை அடிக்கு மூன்று வரி வந்து நாலரை இன்ச் போல மிஞ்சும். அங்கே எட்டிஞ்சு கல்லை நீளவாக்கில் உடைத்துக்கொண்டிருப்பார்கள். நாலிஞ்சு சாலிட் கல்லைப் படுக்க வைத்தால் அந்த இடம் சரியாக அடையும். 75 கல் தனியாக ஆர்டர் சொல்லுங்கள், எட்டிஞ்சில் 35 குறைத்துக்கொள்ளுங்கள்.

8. எம் சாண்டா, பாறைப்பொடியா, கடல் மணலா? எது போட்டாலும் மணல்தானே?

கட்டு வேலைக்கு எம் சாண்ட் (பாறையை உடைத்துச் செய்கிற மணல்), பூச்சுக்கு பி சாண்ட் (அதிலேயே நைசானது). பாறைப்பொடி கிரஷரில் ஜல்லி உடைக்கும்போது விழுகிற கழிவு. மாவு அதிகம், அதனால் தண்ணீரைக் குடிக்கும், சாந்து சுருங்கும். கையில் ஒரு பிடி நனைத்துத் தேய்த்துவிட்டுக் கழுவினால் உள்ளங்கை வெள்ளையாகவே இருந்தால் அது எம் சாண்ட் என்ற பெயரில் வந்த பாறைப்பொடி.

கடற்கரை மணல் கூடவே கூடாது. உப்பு, கம்பியை அரிக்கும். சுவரில் வெள்ளையாகப் பூக்கும். மணவாளக்குறிச்சி பக்கத்துக் கடற்கரையில் இருப்பது இல்மனைட், மோனசைட் கலந்த கனிம மணல். அதை அள்ளுவது சட்டப்படியும் குற்றம்.

லோடு இறக்கும் முன் வண்டிப் பெட்டியை அளந்துவிடுங்கள். நீளம், அகலம், மணல் நிற்கிற உயரம் மூன்றையும் அடியில் பெருக்கினால் கன அடி. கூம்பாகக் குவிந்திருந்தால் மட்டம் தட்டச் சொல்லுங்கள். ஈர மணல் உப்பி நிற்கும். காய்ந்தால் நூற்றுக்கு 20-க்கு மேல்கூடக் குறையலாம்.

9. கட்டறதுக்கு முன்னாடி கல்லைத் தண்ணில முக்கி எடுக்கணுமா? செங்கல்லுக்கு அப்படித்தானே செய்வோம்.

வேண்டாம். செங்கல் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. பிளாக் நனைந்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். நனைத்துக் கட்டினால் சுருங்குகிற வேலை முழுவதும் சுவரில் ஏறின பிறகு நடக்கும். கல் சூடாக இருந்தால் சாந்து படுகிற முகத்தில் மட்டும் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல், தோவாளை பக்கம் இதில் கூடுதல் கவனம் வேண்டும். காற்றாலை சுற்றுகிற அந்தக் காற்று, கரண்டியிலிருந்து சுவருக்குப் போவதற்குள் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று கல்லுக்கு மட்டும் சாந்து பரப்பி உடனே கல்லை வைக்கச் சொல்லுங்கள். கட்டின சுவருக்கு ஏழு நாள் ஈரம் வேண்டும். ஓஸ் பிடித்து ஊற்றாமல், கல்லுக்குக் கல் இடையே சாந்து வைத்த சந்துகள் நனைகிற மாதிரி தெளிக்க வேண்டும்.

10. நமக்குத்தான் ரெண்டு மழைக்காலம் உண்டே, எப்ப ஆரம்பிக்கறது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. குலசேகரம், திற்பரப்பு பக்கம் முதல் மழையே பலமாக இருக்கும். ஜனவரியில் தொடங்கி மே மாதத்துக்குள் கூரையை முடிக்கிற திட்டம்தான் நல்லது. அது முடியாது என்றால், கல் அடுக்கைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்து தார்ப்பாயால் மூடுங்கள். ஹாலோ சுவரை அரைகுறையாக நிறுத்தினால் மேல் வரியையும் மூடுங்கள். ஓட்டைக்குள் இறங்கின தண்ணீர் சீக்கிரம் போகாது. பூச்சு முடிந்த பிறகு அடிச்சுவரில் திட்டுத்திட்டாகத் தெரியும்.

11. பக்கத்து வீட்ல பிளாக் சுவர் எல்லாம் விரிசல். பிளாக்குன்னாலே விரிசல் வருமா?

வராது. வந்த இடத்தில் விரிசலின் போக்கைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். சந்துகளைத் தொடர்ந்து படிக்கட்டுப் படிக்கட்டாக ஏறினால் அஸ்திவாரம் எங்கோ இறங்கியிருக்கிறது. ஜன்னல் மூலையிலிருந்து சரிந்து கிளம்பினால் ஜன்னலுக்குக் கீழே பெல்ட் ஓட்டவில்லை, அல்லது லிண்டல் சுவருக்குள் போதுமான அளவு உட்காரவில்லை. நீளச் சுவரின் நடுவே நெட்டாகக் கீழிருந்து மேலே போனால் அது பச்சைக் கல் சுருங்கினது, 4-வது கேள்வியில் சொன்ன விஷயம். தூணும் சுவரும் சேருகிற இடத்தில் நேர்கோடாக வந்தால், அங்கே பூசும் முன் கோழிவலை அடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

"சிமெண்ட் கூடப் போட்டா உறுதி" என்பதும் ஒரு காரணம். கட்டுச் சாந்தை 1-க்கு 3, 4 என்று போட்டால் சாந்து கல்லைவிடப் பலமாகிவிடும். சுருங்கும்போது சந்தில் மயிர்க்கோடாகப் போக வேண்டிய விரிசல் கல்லையே பிளக்கும். 1-க்கு 6 என்று 5-வது கேள்வியில் சொன்னது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை.

பீம் போட்ட வீட்டில், பீமுக்குக் கீழே உள்ள கடைசிச் சந்தைக் கட்டின அன்றே இறுக்கி அடைக்காதீர்கள். ஒரு வாரம் கழித்து அடைத்தால் சுவர் அமர்ந்திருக்கும்.

12. பில்லர் போடாம ஹாலோ பிளாக்லயே கட்டி, பின்னாடி மாடி எடுக்கலாமா?

தரைத்தளம் மட்டும் என்றால் எட்டிஞ்சு சுவர் கூரையைத் தாங்கும், பலரும் கட்டுகிறார்கள். பின்னால் மாடி என்கிற எண்ணம் துளி இருந்தாலும் முதலிலேயே இன்ஜினியரிடம் சொல்லி வரைபடம் வாங்குங்கள். அப்போது ஆறிஞ்சு உள்சுவர் மேல் கூரையின் சுமை விழலாமா, கல் எந்தப் பலத்தில் வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு செய்வார். கட்டின பிறகு என்னிடம் வந்து "மேல எழுப்பலாமா" என்று கேட்டால் பதில் சொல்ல வழியில்லை.

ஹாலோவில் ஒரு வசதி உண்டு. மூலைகளிலும் கதவு ஜன்னல் ஓரத்திலும் ஓட்டைக்குள் நெட்டுக்குக் கம்பி இறக்கி, பொடி ஜல்லிக் கான்கிரீட் நிரப்பலாம். ஒன்பதரை அடி உயரத்துக்கு ஒரு ஓட்டைக்கு ஏறக்குறைய ஒன்றரை கன அடி பிடிக்கும். மூன்று ஓட்டைக்கு ஒரு மூட்டை. இது 6-வது கேள்விக் கணக்கில் இல்லை, தனியாகக் கூட்டுங்கள். மூன்று நாலு வரிக்கு ஒரு தடவை நிரப்பிக் குத்த வேண்டும், மேலிருந்து ஒரேயடியாக ஊற்றக் கூடாது. ஹாலோ கல்லில் ஒரு பக்கம் ஓட்டையைச் சுற்றின விளிம்பு தடியாக இருக்கும். தடித்த பக்கம் மேலே வர வேண்டும், சாந்து உட்கார இடம் கிடைக்கும். கூரை உட்காரும் கடைசி வரி ஹாலோவாக இருக்கக் கூடாது. சாலிட் கல் அல்லது பெல்ட்.

13. தம்பி, நாங்க கடற்கரையில இருக்கோம். வீட்ல கம்பி எல்லாம் துருப்பிடிச்சு காங்கிரீட்டு பொளந்து விழுது. பிளாக்குன்னா அந்தத் தொல்லை இல்லையா?

பிளாக்கில் கம்பி கிடையாது, அதனால் சுவர் துருப்பிடிக்காது. பெல்ட், சன்ஷேட், கூரையில் கம்பி இருக்கத்தான் செய்யும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மாதிரி உப்புக்காற்று அடிக்கிற இடங்களில் கம்பிக்கு வெளியே கான்கிரீட் மூடல் நன்றாக இருக்க வேண்டும். கம்பிக்குக் கீழே கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்துகிற சின்னக் கட்டை) வைக்காமல் கான்கிரீட் போட விடாதீர்கள். ஓட்டையில் கம்பி இறக்குகிற முறையை அங்கே நான் சொல்வதில்லை. சாலிட் கல்லே போதும். வெளிப்பூச்சை இரண்டு கையாகப் பூசச் சொல்லுங்கள், அதற்குச் சிமெண்ட் ஸ்கொயருக்கு ஒன்றரை மூட்டை எழுதிக்கொள்ளுங்கள்.

14. மதில் மட்டும் கட்டணும். நூறு அடி நீளம், அஞ்சு அடி உயரம்.

ஆறிஞ்சில் 500 சதுர அடி, 565 கல், உடைசலோடு 595. சிமெண்ட் 4 மூட்டை, மணல் 25 கன அடிக்குச் சற்று மேல். பத்து அடிக்கு ஒரு தூண், மேலே ஒரு பெல்ட், இரண்டும் தனிக் கணக்கு.

ஆனால் மேல்புறம் மேட்டு நிலம், இந்தப் பக்கம் பள்ளம் என்றால் அது மதில் இல்லை, மண்ணைத் தாங்கும் சுவர். ரப்பர் தோட்டச் சரிவுகளில் ஆறிஞ்சு ஹாலோவில் எழுப்பின மதில், மழையில் ஊறின செம்மண் தள்ளி அப்படியே படுத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். அந்த இடத்துக்குக் கருங்கல் கட்டு, தண்ணீர் வெளியேறக் குழாய்.

15. அஸ்திவாரத்துக்கும் பிளாக்கே போட்டா என்ன?

நம்ம ஊரில் கருங்கல் கிடைக்கும்போது எதற்கு? மண்ணுக்குள் ஹாலோ வேண்டவே வேண்டாம், தண்ணீர் தேங்கும். பிளிந்த் மட்டத்துக்கு மேலே ஆரம்பியுங்கள்.

16. லைட் வெயிட் பிளாக்குக்கும் இதே கணக்குதானா?

இல்லை. அது 24-க்கு 8 இன்ச், ஸ்கொயருக்கு 75. சாதாரணச் சாந்துக்குப் பதில் பசையில் ஒட்டுவார்கள். 5-வது கேள்விக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

17. எல்லாம் சரி, நீங்க சொன்ன கணக்குக்கும் மேஸ்திரி கேட்கிற மூட்டைக்கும் ஒத்தே வரலியே?

மூன்று இடத்தில் பாருங்கள். அவர் கூரையையும் தரையையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கல் கோணலாக இருந்து சாந்து அரை இன்ச்சுக்கு மேல் போகலாம். சந்து இரண்டு மடங்கானால் சிமெண்டும் இரண்டு மடங்காகும். இல்லையென்றால் சுவர் தூக்குக்குண்டுக்கு நிற்கவில்லை, அந்தக் கோணலைப் பூச்சில் நிரவுகிறார்கள். பூசும் முன் நீங்களே சுவரின் இரண்டு மூலைக்கும் நூல் கட்டி, நடுவில் நூலுக்கும் கல்லுக்கும் இடைவெளியை அளந்து பாருங்கள். ஒரு இன்ச் இருந்தால் அங்கே பூச்சு 25 மி.மீ. போகும், ஸ்கொயருக்கு ஒரு மூட்டை என்பது இரண்டு ஆகிவிடும்.

காலையில் இறங்கின மூட்டையையும் சாயந்திரம் மிச்சமானதையும் ஒரு நோட்டில் எழுதி, அன்று எத்தனை வரி ஏறியது என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். இரண்டு நாள் எழுதினால் எங்கே கூடுகிறது என்று மேஸ்திரியிடமே காட்டிப் பேசலாம்.

18. கல்லு மிஞ்சினா திரும்ப எடுப்பாங்களா?

முழுக்கல் என்றால் பல கம்பெனிகள் அடுத்த லோடு வரும்போது எடுத்துக்கொள்ளும். ஏற்றுகூலி உங்களுடையது. ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். அதைவிட, கணக்கில் வருவதில் முக்கால் பாகத்தை முதலில் இறக்கி, லிண்டல் பெல்ட் முடிந்ததும் மீதிச் சுவரை மறுபடி அளந்து கடைசி லோடைச் சொல்வது நல்லது. ஆனால் அந்தக் கடைசி லோடும் முதல் ஆர்டரின்போதே அடித்துக் காய வைத்த கல்லாக இருக்க வேண்டும். அதற்கும் சேர்த்து முன்னாலேயே தேதி எழுதச் சொல்லுங்கள்.